கையொப்பம் யாருடையது?

லினக்ஸ் என்னும் பெருநிரல் 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரத்து மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. பன்னாட்டாரும் அதற்குத் திருத்தங்கள் எழுதி விடுத்து வருகின்றனர். 2004-ஆம் ஆண்டு தொட்டு, விடுப்போர் ஒவ்வொருவரும் திருத்தத்தின் அடியில் தம் பெயரை ஒப்பமாக இடுதல் வழக்கு. அதனை விடுக்கத் தமக்கு உரிமையுண்டு என்பதற்கு அவ்வொப்பமே சான்று. நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பெருகிவிட்ட இந்நாளில், ஒப்பமிடற்குரியார் யாவர் என்னும் வினா எழுந்துள்ளது.

சிலர் தடையையே விடையாகத் தந்தனர். ஜென்டூ குழுவினர் 2024 ஏப்ரலிலும், கியூஎமு குழுவினர் 2025 ஜூனிலும், பொறி எழுதிய நிரலை ஏலோம் என்றனர். பொறியின் எழுத்து யார்க்கு உரியதென்பது சட்டத்தில் தெளிவுறாதபோது அதற்கு உரிமை கூறி ஒப்பமிடுதல் எங்ஙனம் என்பது பின்னவர் வாதம். வலிய வாதமே. ஆயினும், தன் அறையிலிருந்து எழுதுவானொருவன் பொறியைத் துணைக்கொண்டமையை எவர் கண்டறிவார்? தடை நேர்மையாளரை விலக்கும், மறைப்பாரை விலக்காது.

2025-இல் முன்மொழியப்பட்டுப் பின்னர் லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களுள் இடம்பெற்ற விதிகள் வேறு நெறியின. பொறி ஒப்பமிடலாகாது. அது எழுதியதனைத்தையும் மனிதர் படித்து, உரிமங்களுக்கு இயைந்ததெனக் கண்டு, தம் பெயரையே இட்டுப் பொறுப்பேற்றல் வேண்டும். துணைநின்ற பொறியின் பெயரைத் தனி வரியிற் குறித்தலும் வேண்டும். இந்நெறியே சிறந்ததென்பது எம் கருத்து.

எனினும், 'படித்தல்' என்பதன் அருமையை அவ்விதிகள் போதிய அளவு வற்புறுத்தவில்லை. பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடுமில்லை. ஆதலின் ஏடெழுதினோன் எங்கு வழுவினான் என்பதை ஆராய்வோர் ஒருவாறு உய்த்துணர்வர். பொறியின் வழுவோ அழகிய கையெழுத்தில் வருவது. தரவொன்றைப் பூட்டிவிட்டுப் பிழை நேரும் வழியில் அதனைத் திறவாது விடும். வரிகளெல்லாம் செம்மையாகவே தோன்றும். சோதனையிலும் அது வெளிப்படாதிருத்தல் கூடும். பின்னொருநாள் யாரோ ஒருவரது கணினி அசைவற்று நின்றுபோம். மேலோட்டமாகப் படித்து ஒப்பமிட்டவர் அப்போது என் கூறுவார்?

இதன் சுமை திருத்தங்களைப் பரிசீலிப்போர் தலையிலேயே விழுகின்றது. அவருட் பலர் ஊதியமின்றி உழைப்பவர். எழுதுவோனுக்கு அரைநாழிகை, பரிசீலிப்போர்க்கு ஒருநாள். இது நியாயமா?

ஆகவே ஒன்று வேண்டுகின்றோம். பொறியின் பெயரைக் குறித்தல் இழிவென்று கருதும் மனப்பான்மை நம்மனோரிடம் ஒழிதல் வேண்டும். மறைப்பதற்கு அதுவே காரணம். மற்று, பரிசீலிப்போர் தாம் விரும்பிய ஒரு வரியைச் சுட்டி, "இஃது ஏன் இங்குளது?" என வினவும் உரிமையை விதியாகவே எழுதிவைத்தல் நன்று. பொறியைக் கேளாமலே விடைகூற மாட்டாதார் தம் திருத்தத்தை மீளப் பெற்றுக்கொள்க.