கோதின் பாரமும் கொத்தின் அளவும்

"துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்தவன், இங்க வந்து துவக்குத் தூக்குறானாம்." என் காதுபடவே இப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. நோர்வேயில் இலக்குச் சுடுதல் ஒரு ஊர் விளையாட்டு. வேலையிடத்து நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார், பழகிவிட்டது. கடை ரவை விலை கூட என்பதால், சுட்ட கோதுகளைப் பொறுக்கி, நாங்களே திரும்ப மருந்து நிரப்பிப் பாவிக்கிறோம். நான் எழுத வந்தது அந்தக் கோதைப் பற்றித்தான்.

எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் இருக்கிறது. புதுக் கோது ஒரு பெட்டி வாங்கினால், ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, அரைக் கிரெயின் வித்தியாசத்துக்கெல்லாம் வேறு வேறாகப் பிரிப்பார்கள். (ஒரு கிராம் என்பது 15.43 கிரெயின்.) பாரம் கூடினதும் குறைந்ததும் குப்பைக்குப் போகும். நானும் இரண்டு குளிர்காலம் அப்படி நிறுத்துக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்கிறேன், அதில் பெரும்பகுதி வீண்வேலை.

ஊரில் அரிசியைக் கொத்தால் அளந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா கடைக்காரனின் கொத்துக்குள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பார்ப்பா. வெளியே ஒரே அளவாய்த் தெரிகிற இரண்டு கொத்தில், அடி தடித்தது குறைய அரிசிதான் கொள்ளும். கோதும் அப்படித்தான். துவக்கின் அறைக்குள் வெடிக்கும்போது எல்லாக் கோதும் வெளியே ஒரே வடிவத்துக்கு விரியும். சுவர் தடித்த கோதில் உள்ளிடம் குறைவு. அதே அளவு மருந்தை அதற்குள் எரித்தால் அமுக்கம் கூடும். ஆகவே எங்களுக்கு வேண்டியது உள்ளிடத்தின் அளவு. பாரம் அதற்கு ஒரு தடயம் மட்டும்தான்.

அந்தத் தடயம் எவ்வளவு பெறும்? கோதுப் பித்தளை 70 வீதம் செம்பு, 30 வீதம் துத்தநாகம். தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டரை மடங்கு பாரம். எனவே, அரைக் கிரெயின் பித்தளை கூடினால் உள்ளே குறைவது 0.06 கிரெயின் தண்ணீர் கொள்ளும் இடம். .308 வின்செஸ்டர் கோது ஏறத்தாழ 56 கிரெயின் தண்ணீர் கொள்ளும். அதில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் அந்தப் பித்தளை உள்ளே இருந்தால்தான். பின்பக்க விளிம்பிலோ, அதற்கு மேலே வெட்டிய பள்ளத்திலோ இருந்தால் உள்ளிடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குப்பையில் போட்டது நல்ல கோதாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் பாரமே பார்க்கத் தேவையில்லையா? அங்கேதான் நான் ஒருமுறை பயந்தேன். ஒருவர் இலவசமாக ஒரு பை கோது தந்தார். இராணுவத்துக்குச் செய்த 7.62 நேட்டோ கோதுகள். வெளியே பார்த்தால் என்னுடைய .308 போலத்தான். என் வழமையான மருந்தளவையே போட்டேன். முதல் வெடியிலேயே போல்ட்டைத் தூக்க முடியவில்லை, இறுகிவிட்டது. பக்கத்தில் இருந்த வயதான நோர்வேஜியர் ஓடி வந்து, "நிப்பாட்டு" என்றார். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். என் கோதைவிட 22 கிரெயின் கூட. கணக்குப் போட்டால் உள்ளிடம் இரண்டரைக் கிரெயினுக்கு மேல் குறைவு. கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற சாமானில் இது சின்ன விசயமில்லை. அரைக் கிரெயினுக்குக் கோது எறிந்த நான், 22 கிரெயினைக் கவனிக்கவில்லை!

சரியாக அறிய வேண்டுமென்றால் தண்ணீரால் அளக்க வேண்டும். உங்கள் துவக்கில் சுட்ட கோது பத்து எடுங்கள். பழைய பிறைமர் அப்படியே இருக்கட்டும், கோதைத் திரும்ப அமுக்கி எடுக்கவும் வேண்டாம். நீளம் மட்டும் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வெறுமையாக நிறுங்கள், வாய் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு நிறுங்கள். உள்ளே குமிழி நிற்காமல் பாருங்கள். வித்தியாசம்தான் கொள்ளளவு. அளந்த கோதைக் காயவிட மறக்கவேண்டாம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். 300 மீற்றர் சுடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரே கொம்பனியின் ஒரே தொகுதிக் கோதை, ஒரே எண்ணிக்கை தடவை சுட்டதை, ஒன்றாக வைத்திருந்தால் போதும். தராசு கலப்படத்தையும் ஊனத்தையும் பிடிக்கிறதற்கு. வேறு கோதுக்கு மாறினால் மருந்தளவைக் குறைத்து, கைநூலைப் பார்த்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

சின்ன வயதில் ஒழுங்கையில் வெற்றுக்கோது பொறுக்கி, வாயில் வைத்து விசில் ஊதித் திரிந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம் வரும். உள்ளிடம் வேறு வேறு என்று அது அப்போதே சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.