வாய் திறக்காத மென்பொருள் எதற்கு?

ஸ்க்ராட்சில் தொடங்கு, பைதனில் முடி என்று இலங்கையின் பாடசாலைக் கணினிப் பாடத்துக்கு வழி வகுத்தவர்கள், அந்த வழியில் விழிப்புலனற்ற பிள்ளை எப்படிப் போகும் என்று ஒரு நாளாவது யோசித்தார்களா? யோசித்ததற்கான அடையாளம் பாடநூலிலும் இல்லை, ஆய்வுகூடத்திலும் இல்லை. கொழும்பில் எடுத்த முடிவு மாத்தளை மாவட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் வில்கமுவ வரை அப்படியே வந்து இறங்கியிருக்கிறது. யானைப் பயத்தில் பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டிய ஊர் அது. நகரத்துப் பிள்ளைபோல மாலை வகுப்பில் போய்ச் சரிசெய்து கொள்ளலாம் என்று அங்கே யாருக்கும் சொல்ல முடியாது. பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்தை விட்டால் வேறு போக்கில்லை.

ஸ்க்ராட்சில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒரு கட்டையைச் சுட்டியால் பிடித்து இழுத்து மற்றொன்றின் அடியில் பொருத்த வேண்டும். பொருந்தியதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். 2007 இல் வெளிவந்த அந்த மென்பொருளின் மூன்றாம் பதிப்பு 2019 இல் வந்தது. அது வெளிவந்தபோதும் விசைப்பலகையால் கட்டையை எடுத்து வைக்க வழி இருக்கவில்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானுக்கு அந்தக் கட்டைகளில் வாசிக்க ஏதும் அகப்படவில்லை. சக மாணவர்கள் திரையில் பூனைப் படத்தை நடக்க வைத்துச் சிரிக்கும்போது விழிப்புலனற்ற பிள்ளை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். செய்நிரலாக்கம் தனக்கு உரியதல்ல என்ற எண்ணம் அந்த வயதிலேயே மனத்தில் விழுந்துவிடுகிறது.

சின்ன வகுப்போடு போகட்டும் என்று அதை விட்டாலும், உயர் தரத்தில் நடப்பதைப் பொறுக்க முடியாது. அங்கே பாடம் பைதன் என்ற நிரல்மொழி. பைதன் முழுக்க முழுக்க எழுத்து. எழுத்தை வாசிப்பதுதான் திரைவாசிப்பானின் தொழிலே. உண்மையில் விழிப்புலனற்ற மாணவர் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கக்கூடிய பாடம் இது. அந்த இடத்திலும் குறுக்கே ஒரு கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம். பைதனை நிறுவும்போது ஐடில் என்ற எழுதுகளமும் கூடவே வந்துவிடுவதால் அதுவே வழக்கமாகிவிட்டது. ஐடில் டீகே என்ற பழைய கருவித்தொகுதியைக் கொண்டு கட்டப்பட்டது. திரையில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் தொகுதி விண்டோஸில் திரைவாசிப்பானுக்குத் தெரிவிப்பதில்லை.

விளைவு என்ன? மாணவி என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை இயக்கிவிட்டு ஐடிலைத் திறக்கிறாள். சாளரத்தின் பெயர் காதில் விழுகிறது. அதற்குப் பிறகு அம்புக்குறி விசையை எத்தனை முறை அழுத்தினாலும் எழுதிய வரி திரும்பக் கேட்பதில்லை. ஃபோர் வரியின் முடிவில் முக்காற்புள்ளி வைத்தோமா, அடுத்த வரியை உள்ளே தள்ளினோமா, சிவப்பு எழுத்தில் வந்த பிழைச் செய்தி என்ன சொல்கிறது, எதுவும் தெரியாது. அதே வரிகளை அதே கணினியின் நோட்பேடில் எழுதினால் என்.வி.டி.ஏ. வரி வரியாக வாசிக்கிறது. பைதனில் வரித் தொடக்கத்து இடைவெளி பிசகினால் நிரலே பிசகும். அந்த இடைவெளியையும் என்.வி.டி.ஏ. சொல்லும், வேண்டுமானால் சுருதி மாறும் ஒலியாகக் கேட்கச் செய்யும். அமைப்புகளில் ஒரு தெரிவை மாற்றினால் போதும். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எழுதுகளம் திரைவாசிப்பானுக்கென்றே தனி வசதிகளோடு இலவசமாகக் கிடைக்கிறது. என்.வி.டி.ஏ.யும் இலவசம்; 2006 இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற விழிப்புலனற்ற இளைஞர் தொடங்கியது அது. ஆகவே நிதி இல்லை என்ற வழக்கமான பதிலை இந்த விடயத்தில் யாரும் சொல்ல வேண்டாம்.

விழிப்புலனற்றவரால் நிரல் எழுத முடியுமா என்று இன்னும் கேட்பவர்கள் டி.வி. ராமனைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். புனேயில் பிறந்து, பதின்ம வயதில் பார்வையை இழந்து, மும்பை ஐ.ஐ.டி.யிலும் கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் நிரலாக்கக் களத்தை 1995 இலேயே உலகுக்குத் தந்தார். முப்பது ஆண்டுக்கு முன் தீர்ந்த கேள்வியை நம் அலுவலகங்கள் இன்றும் மேசையில் வைத்திருக்கின்றன.

இப்படித் தாமதிப்பது நம் ஆட்சியாளர்களுக்குப் புதிதும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர மேலும் பத்து ஆண்டு பிடித்தது. விதி வந்தும் சாய்தளம் வரவில்லை. அணுகுவசதிக்காகப் போராடிய அஜித் பெரேரா உயர் நீதிமன்றப் படியேறி 2011 இல் கட்டளை பெற வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் 2007 இல் கையெழுத்திட்டார்கள். ஏற்புறுதி செய்தது 2016 இல். ஒரு கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் நடுவே ஒரு பிள்ளையின் பாடசாலைக் காலமே கழிந்துவிட்டது.

எழுத்துரு விவகாரத்தை மறக்க முடியுமா? யுனிகோட் வந்த பிறகும் சுற்றறிக்கைகளும் பயிற்சித் தாள்களும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டன. பாமினியில் தமிழ் என்று தெரிவது கணினிக்குத் தமிழே அல்ல. அந்தச் சொல்லைத் திரைவாசிப்பான் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக உளறும். எஃப்.எம். அபய எழுத்துருவில் தட்டிய சிங்களத்துக்கும் இதே கதிதான். வில்கமுவவில் பெரும்பான்மையாக வாழும் சிங்களப் பிள்ளைக்கும், மாத்தளைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்த அநியாயத்தில் பேதமே இல்லை. ஈஸ்பீக் என்ற இலவசக் குரல்பொறி இரு மொழியையும் வாசிக்கும். வாசிக்கத்தக்க எழுத்தைக் கொடுக்கத்தான் இவர்களுக்கு மனம் வரவில்லை. பார்ப்பதில் ஏதோ ஒரு சிரமம் உள்ளவர்கள் சுமார் 10 இலட்சம் என்று 2012 குடிசன மதிப்பீடு சொல்லியும், கணக்கெடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

கேட்டால், வேறு பாடம் எடுக்கலாமே என்பார்கள். சங்கீதம் படி, வரலாறு படி என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புவது அறிவுரை ஆகாது. அது விலக்கி வைப்பது. 1912 இல் தொடங்கிய விழிப்புலனற்றோர் பாடசாலை இரத்மலானையில் இருக்கிறதே என்று கைகாட்டுவதும் பதிலாகாது. தன் ஊர்ப் பாடசாலையில், தன் வகுப்புத் தோழரோடு ஒரே நிரலை எழுதும் உரிமையைத்தான் பிள்ளை கேட்கிறது.

பாடவிதானம் எழுதுவோரும் மென்பொருளைத் தெரிவு செய்வோரும் இனியாவது விழிப்புலனற்ற கணினியாளர்களை அழைத்து உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வலய மட்டத்துக் கல்வி அதிகாரிகளும் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திராமல் தம்மால் இயன்றதைத் தொடங்க வேண்டும். திரைவாசிப்பானால் வாசிக்க முடியாத ஒரு மென்பொருளை அடுத்த பாடவிதானத்திலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழியாகத் திணித்தால், தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. அது தெரிந்தே செய்த தவறு.