ஊசியா ஜெல்லா எண்டு கேட்க முதல்

எங்கட கூட்டாளி ஒருத்தன் போன வருசம் கேட்ட கேள்வியில இருந்து தொடங்குறம். "மச்சான், டெஸ்டோஸ்டிரோன் குறைவுக்கு ஊசி நல்லதோ, ஜெல் நல்லதோ?" கேட்கேக்கயே அவன் எட்டு மாசமாக வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். ஜிம்மில ஒரு அண்ணை குடுத்தது. களைப்பு, ஆசை குறைவு, கையில சதை ஏறுதில்லை. "உனக்கு ஓமோன் குறைவடா" எண்டு அந்த அண்ணையே வருத்தத்தையும் கண்டுபிடிச்சு, மருந்தையும் வித்திருக்கிறார். ஒரு சொட்டு இரத்தம் சோதிக்கேல்லை.

கலியாணம் முடிச்சு ஒண்டரை வருசம், பிள்ளை இல்லை. மனுசிக்கு ஸ்கான், இரத்தப் பரிசோதனை, மாமியின்ர நேர்த்தி, வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் வரிசையா நடந்தது. கடைசியா ஒரு டொக்டர்தான் அவனைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் விந்துச் சோதனை செய்தனீங்களோ?" எண்டு கேட்டிருக்கிறார். செய்தான். விந்தணு பூச்சியம்.

ஆண்மையைக் கூட்ட எண்டு போட்ட ஊசி விந்தணுவை இல்லாமல் ஆக்கினது எப்படி? வீட்டுத் தண்ணித் தாங்கியை நினைச்சுப் பாருங்கோ. தாங்கி நிரம்பினால் மிதவை மேல வந்து மோட்டரை நிப்பாட்டும். மூளைக்கு அடியில இருக்கிற கபச் சுரப்பிதான் இங்க அந்த மிதவை. வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து இரத்தம் நிரம்பினதும், விதைகளுக்கு அனுப்புற இரண்டு ஓமோன்களையும் அது நிப்பாட்டிப் போடும். விதை வேலையை விடும், சுருங்கும். விந்தணு உருவாக விதைக்குள்ள இருக்கவேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அளவு இரத்தத்தில இருக்கிறதை விடப் பல மடங்கு அதிகம். ஊசியால அந்த அளவை அங்க கொண்டுபோக ஏலாது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே பரிசோதிச்சது. வாரம் 200 மில்லிகிராம், 271 ஆண்கள். 1990இல வெளியான முடிவின்படி அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாசத்துக்குள்ள விந்தணு பூச்சியமாச்சு. எங்கட பெடியள் பிள்ளை வேணும் எண்டு நேர்த்தி வைச்சுக்கொண்டே கருத்தடை ஊசி போடுகினம்.

அதனால சிகிச்சைகளை ஒப்பிடேக்க முதல் கோடு ஊசிக்கும் ஜெல்லுக்கும் இடையில இல்லை எண்டுதான் நாங்கள் சொல்லுவம். டெஸ்டோஸ்டிரோனை வெளியில இருந்து குடுக்கிற மருந்துகள் ஒரு பக்கம். உடம்பையே அதைச் செய்ய வைக்கிற மருந்துகள் மற்றப் பக்கம். இரண்டாவது பக்கத்தில எச்.சி.ஜி ஊசியும், பெண்களுக்கு முட்டை வெளியேறக் குடுக்கிற அதே குளோமிபீன் குளிசையும் இருக்கு. பிள்ளை வேணும் எண்டிறவருக்கு டொக்டர்மார் பார்க்கிறது இந்தப் பக்கத்தைத்தான். ஆனால் விதையே பழுதெண்டால் இவை பெரிசா உதவாது; கபச் சுரப்பி சிக்னல் அனுப்பாத ஆக்களுக்குத்தான் பலன்.

முதல் பக்கத்துக்குள்ள வித்தியாசங்கள் நிறைய. ஜிம்களில அதிகம் பேர் அடிபடுறது சஸ்ரனோன். நாலு விதமான டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர் கலந்த எண்ணெய் ஊசி, மருத்துவ முறைப்படி ஏறக்குறைய மூண்டு கிழமைக்கு ஒருக்கா. போட்டவுடன அளவு உச்சிக்குப் போகும், அடுத்த ஊசிக்கு முதல் கீழ விழும். மனநிலையும் அதோட ஏறி இறங்கும். "கடைசிக் கிழமை மனுசரோட கதைக்கவே பிடிக்கேல்லை" எண்டு போட்டவை சொல்லுவினம். சிவப்பணு கூடி இரத்தம் தடிக்கிறதும் இப்படியான ஊசிகளில அதிகம்.

நெபிடோ எண்டிற நீண்டகால ஊசியில இந்த ஏற்ற இறக்கம் குறைவு. 1000 மில்லிகிராம், ஆமணக்கெண்ணெயில கரைச்சது. இரண்டாவது ஊசி ஆறு கிழமையில, பிறகு 10 முதல் 14 கிழமைக்கு ஒருக்கா. ஆனால் ஏதும் பிழைச்சால் உள்ள போனதைத் திருப்பி எடுக்க ஏலாது. அரிதாக எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சு முட்டும் வரும். அதனால வீட்டில மச்சான் குத்திவிடுற ஊசி இல்லை இது.

ஜெல் ஒவ்வொரு நாளும் தோளில பூசுறது. அளவு சீராக நிற்கும், பிழைச்சால் அடுத்த நாளே நிப்பாட்டலாம். பிரச்சினை, பூசின தோள் மற்ற ஆளில படுறது. அப்பா பூசின ஜெல் பட்டு சின்னப் பிள்ளையளுக்குப் பருவ அறிகுறி முன்கூட்டியே வந்ததால, 2009இல அமெரிக்க மருந்து நிர்வாகம் பெட்டியிலேயே எச்சரிக்கை போடச் சொன்னது. சாரத்தோட மேலில சட்டையில்லாமல் பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிற எங்கட வீடுகளில இது சின்ன விசயம் இல்லை. குளிசையிலயும் ஒரு வகை இருக்கு. கொழுப்புள்ள சாப்பாட்டோட குடிச்சால்தான் உடம்பில சேரும். வெறும் தேத்தண்ணியோட குடிச்சால் காசு கரியாகும். பழைய மெதைல் டெஸ்டோஸ்டிரோன் குளிசை ஈரலைக் கெடுக்கும், அதை யார் தந்தாலும் வாங்காதேங்கோ.

சரி, இதெல்லாம் ஆருக்கு வேணும்? காலமை வெறுவயித்தில இரத்தம் எடுத்துப் பார்க்கவேணும், அதுவும் வேற வேற நாளில இரண்டு தரம். பின்னேரம் எடுத்தால் அளவு இயல்பாகவே குறைஞ்சிருக்கும். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் வைக்கிற கோடு டெசிலீற்றருக்கு 300 நானோகிராம். அதுக்குக் கீழ இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைவு எண்டு சொல்லலாம். குரோமோசோம் பிரச்சினையோட பிறந்தவை, கூகைக்கட்டு விதைக்கு இறங்கினவை, கபச் சுரப்பியில கட்டி உள்ளவைக்கு இந்தச் சிகிச்சை உண்மையிலேயே வாழ்க்கையைத் திருப்பித் தரும். எங்கட நாட்டில தலசீமியா உள்ள பெடியளையும் மறக்கக்கூடாது. அடிக்கடி இரத்தம் ஏத்திறதால இரும்பு கபச் சுரப்பியில படிஞ்சு, சிலருக்குப் பருவமே வராது. அவைக்கு இது மருந்து, ஆடம்பரம் இல்லை.

மற்றவைக்கு? வயிறு வைச்சவருக்கும், நித்திரையில்லாமல் வேலை செய்யிறவருக்கும், குறட்டையில மூச்சு நிக்கிறவருக்கும், நீரிழிவு உள்ளவருக்கும் அளவு குறையலாம். காரணத்தைச் சரிக்கட்டினால் பெரும்பாலும் அது தானே ஏறும். களைப்புக்கு எண்டு போடுறவைக்கு இன்னொரு செய்தி. 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு குறைஞ்ச 790 ஆண்களுக்கு ஒரு வருசம் ஜெல் குடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல வந்தது. பாலுறவு ஆசை ஓரளவு கூடினது. களைப்பில சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. மாரடைப்பு வரும் எண்ட பயம் கனகாலம் இருந்தது. 5,200க்கு மேற்பட்டவரை வைச்சு 2023இல வந்த ஆய்வு அந்தப் பயத்தைக் குறைச்சது. ஆனால் ஜெல் பூசினவைக்கு இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில இரத்தக் கட்டியும் சற்று அதிகமாகவே வந்தது. அதுவும் டொக்டர்மார் அளந்து குடுத்த ஜெல். ஜிம் அண்ணையின்ர போத்திலுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கூடக் கோபம் வாறது ஒரு சொல்லில. பேப்பரிலயும் மதிலிலயும் பார்க்கிற "ஆண்மைக் குறைவு". விறைப்பு வராததும், ஆசை வராததும், பிள்ளை இல்லாததும், ஓமோன் குறைஞ்சதும் அதுக்குள்ள ஒண்டாகப் போகுது. விறைப்புப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் காரணம் இரத்தக் குழாய், நீரிழிவு, மனசு. அதுக்கு மருந்து வேற. ஓமோன் சரியா இருக்கிறவருக்கும் விந்தணு குறையலாம். எல்லாத்தையும் ஒரே சொல்லுக்குள்ள அடைச்சு, அந்தச் சொல்லுக்கு மேல வெக்கத்தையும் பூட்டி வைச்சால், ஆர் போய் டொக்டரிட்டக் கதைப்பான்? அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் அங்க வரிசையில தெரிஞ்ச முகம் நிக்கும் எண்ட பயத்தில, ஜிம்மின்ர பின் அறைக்குப் போறான்.

எங்கட கூட்டாளி ஊசியை நிப்பாட்டிப் பத்து மாசம். முதல் மூண்டு மாசம் சரியான கஷ்டம். ஊசியும் இல்லை, சொந்த உற்பத்தியும் தொடங்கேல்லை, கட்டிலை விட்டு எழும்பமாட்டான். இப்ப ஓமோன் டொக்டர் ஒருத்தரிட்டப் போறான். பெரும்பாலானவைக்கு ஒரு வருசத்துக்குள்ள விந்தணு திரும்பும், சிலருக்கு இன்னும் இழுக்கும் எண்டு அவர் சொல்லியிருக்கிறார். போன மாசச் சோதனையில கொஞ்சம் தெரிஞ்சுது.

மாமிக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. வெள்ளிக்கிழமை விரதத்தை இப்பவும் மனுசிதான் பிடிக்கிறா.