சங்கிலியா? சம்பளமா?

நம் நாட்டில் ஒருவனுக்குக் கால் முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள். சித்தம் கலங்கினாலோ தாயத்துக் கட்டுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் சங்கிலியால் கட்டுகிறார்கள். இந்தப் புண்ணிய கைங்கரியத்தின் யோக்கியதையை 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் உலகம் பார்த்தது. தர்காவை அண்டி நடந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். எந்தச் சாமி வந்து பூட்டைத் திறந்தது? (இதைக் கேட்டு மற்ற மதக்காரர்கள் சிரிக்க வேண்டியதில்லை. குணசீலத்திற்கு இழுத்துப் போகிறவர்களும், ஜெபத்தால் பேயோட்டுகிறவர்களும் யார்?)

சட்டத்தில் இன்று குறைவில்லை. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுத்து, ஊராரோடு ஒருவராக வாழும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-லேயே வந்துவிட்டது. ஆனால் 2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பிலோ, பைத்தியம், மனச்சோர்வு, குடிநோய் எதை எடுத்தாலும் 100-க்கு 70 பேருக்குக் குறையாமல் வைத்தியமின்றி இருந்தார்கள்.

காரணம் மூடத்தனம் மட்டும்தானா? படப்பையிலிருந்து மகனைக் கீழ்ப்பாக்கத்திற்கே அழைத்துப் போக வேண்டுமானால், கூலிக்காரத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். மாத்திரையோ மாதக்கணக்கில் வாங்க வேண்டியது. மந்திரவாதி பக்கத்துத் தெருவில் இருக்கிறான், கடனுக்கும் மந்திரிப்பான். பிள்ளைகள் கதி இன்னும் பரிதாபம். பாடம் ஏறாவிட்டால் அடி, அப்புறம் திருநீறு, அப்புறம் படிப்பு நிறுத்தம். ஆகவே படப்பையிலேயே வாரம் ஒரு குறித்த நாளில் மனநோய் டாக்டர் உட்கார வேண்டும். மாத்திரையும் அங்கேயே கிடைக்க வேண்டும்.

மாத்திரை மாத்திரம் போதுமா? போதாது. தெளிந்து எழுந்தவனுக்கு வேலை வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் ஸ்கார்ப் நிலையத்தை ஏற்படுத்தியது இத்தகைய மறுவாழ்வுக்காகத்தான். 1993-ல் தோன்றிய பேனியன் நிலையம், தெருவில் விடப்பட்ட பெண்களைத் தெளிவித்ததோடு நில்லாமல், சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் சிலர் சிலராகக் குடிவைத்தும் காட்டியிருக்கிறது. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். ஊர் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

படப்பை வழியாக நாள்தோறும் எத்தனை கம்பெனி பஸ்கள் ஒரகடத்திற்கு ஆள் ஏற்றிப் போகின்றன! 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 4 இடம் ஒதுக்கிற்று; மனநோயாளருக்கும் அதில் பங்குண்டு. தனியார் முதலாளிக்கோ கட்டாயமில்லை. 100-க்கு 5 பேர் வைத்தால் ஊக்கச் சலுகை என்று தாஜா செய்வதோடு சரி. நிலமும் ரோடும் ஏற்பாடு செய்து கொடுத்த சர்க்கார், அந்த பஸ்களில் நாலு இடம் இவர்களுக்கென்று கண்டிப்பாய்க் கேட்டால் என்ன?