ஊழியம் கேட்பவர்களின் கடன்

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தெற்கத்திச் சீமையின் பழைய சபைகளில் ஒன்று எங்களுடையது. அங்கே ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். என்னைப் போன்ற ஆசிரியர்கள், பாடகர் குழுவினர், வாசலில் நின்று வரவேற்போர், ஒலிபெருக்கியைக் கவனிப்போர், அசனத்தன்று அண்டாவின் முன் வியர்வையோடு நிற்போர் என்று ஊதியமின்றி ஊழியம் செய்யும் அனைவரும் கையொப்பமிட்டுத் தரவேண்டிய தாள் அது.

'தன்னார்வ ஊழியரிடம் சபை எதிர்பார்ப்பவை' என்பது தலைப்பு. கீழே 14 நிபந்தனைகள். அரைமணி நேரம் முன்னதாக வரவேண்டும். சனிக்கிழமை ஆயத்தக் கூடுகைக்குத் தவறக்கூடாது. வர இயலாவிடில் முந்தின வாரமே தெரிவிக்கவேண்டும். குடியும் புகையும் கூடாது. வீட்டிலும் வெளியிலும் நற்சாட்சி வேண்டும். காணிக்கையில் ஒழுங்கு வேண்டும். இப்படியே பன்னிரண்டு. பதின்மூன்றாவது, தலைமையின் தீர்மானங்களைக் கேள்வியின்றி ஏற்பேன் என்பது. பதினான்காவது, சபைக்குள் நடப்பதை வெளியே பேசமாட்டேன் என்பது.

தாளைப் பார்த்த நண்பர்கள் இருவர் இருவேறு விதமாகப் பேசினார்கள். சும்மா உழைக்கிறவனுக்கு நிபந்தனை வேறா என்று கொதித்தார் ஒருவர். கர்த்தருடைய வேலைக்கு இந்த நிபந்தனைகள் போதாது என்றார் மற்றவர். எனக்கு இருவருடனும் உடன்பாடில்லை. முதல் பன்னிரண்டையும் நான் மனமுவந்து ஏற்கிறேன். கடைசி இரண்டையும் ஏற்கமாட்டேன். இவற்றைவிட என்னை அதிகம் உறுத்தியது அந்தத் தாளின் வெறுமையான பின்பக்கம். ஊழியரிடம் சபை எதிர்பார்ப்பவை முன்பக்கத்தில் இருந்தன. ஊழியருக்குச் சபை செய்யவேண்டியவை என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை.

முதலில் நிபந்தனைகளுக்காக வாதாடிவிடுகிறேன். ஊதியம் இல்லாத வேலை என்பதாலேயே அது ஒழுங்கில்லாமல் நடக்கலாம் என்று பொருளாகாது. பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேர் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்திருக்க, ஆசிரியர் எட்டே முக்காலுக்கு வந்தால் அந்தப் பிள்ளைகள் அன்று ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டே தீருவார்கள். வேதபாடம் மட்டும் அதுவாக இராது. ஆதித் திருச்சபையும் பொறுப்புக்கு ஆள் எடுக்கும்போது தகுதி பார்த்தது. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. சோறு பரிமாறத்தானே என்று கைக்குக் கிடைத்தவரை நிறுத்திவிடவில்லை. நற்சாட்சியும் ஞானமும் ஆவியின் நிறைவும் உள்ளவர்களைத் தேடினார்கள். சபையார் எல்லோருமாகத் தெரிந்தெடுத்தார்கள். கைகளை வைத்து ஜெபித்து வேலையை ஒப்படைத்தார்கள். இன்ன வேலை, இன்னாருக்கு, இந்தக் காரணத்தால் என்ற தெளிவு அங்கே இருந்தது. திருக்குறளின் தெரிந்து வினையாடல் அதிகாரமும் ஏறக்குறைய இதைத்தான் பேசுகிறது. ஆளை ஆராய்ந்து வேலையைக் கொடு, கொடுத்தபின் அவன் பொறுப்பில் விடு என்கிறது. அந்தக் குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப், சாயர்புரத்தில் இறைப்பணி செய்தவர் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

ஊதியமில்லா ஊழியம் என்பதே நாம் நினைப்பதுபோல் எக்காலத்தும் இருந்துவந்த வழக்கமன்று. இங்கிலாந்தின் குளூஸ்டர் நகரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியே இவ்வியக்கம் பரவ வழிவகுத்தது. அங்கே பாடம் சொன்ன பெண்களுக்கு அவர் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார். கூலியில்லாமல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பின்னால்தான் பெருகினார்கள்.

நம் பக்கத்தில் இந்தத் தன்னார்வத்திற்கு ஒரு தனி மாண்பு உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே.ச.அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்றவர். பின்னர் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் எனக்கு ஐயோ என்னும் பவுலின் கருத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று அவர் ஒரு வழக்கத்தை வைத்தார். சபையில் வெறும் பார்வையாளர் என்று ஒருவரும் இருக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தாய்மார்கள் உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே போட்டுவைத்த கைப்பிடி அரிசிக் காணிக்கையும் இந்த எண்ணத்தில் விளைந்ததுதான். நான் அந்த மரபின் பிள்ளை. ஆகவே எதிர்பார்ப்பு என்ற சொல்லே எனக்குக் கசப்பதில்லை.

ஆயினும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது என் பெரியம்மாவை.

பெரியம்மா வேறோர் ஊர்ச் சபையில் 22 ஆண்டுகள் ஆல்டருக்குப் பூ வைத்தாள். சனிக்கிழமை மாலை வெண்கல மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளிபோட்டு விளக்குவாள். திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பைத் துவைத்துக் கஞ்சிபோட்டு மடித்து வைப்பாள். உடுப்பு அறையின் சாவி ஒன்று அவள் சேலைத் தலைப்பில் எப்போதும் முடிந்திருக்கும். பெரியப்பா இறந்த வாரத்தில்கூட அந்தச் சனிக்கிழமை அவள் போனாள். போகவேண்டாம் என்று சபையிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. பிறகு முழங்கால் தேய்ந்தது. இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். நலம் விசாரிக்க வந்திருக்கிறான் என்று எண்ணிக் காப்பி போடச் சொன்னாள். அவன் சாவியைக் கேட்டு வந்திருந்தான்.

பெரியம்மா சபையைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. "நான் ஆண்டவருக்குத்தான செஞ்சேன்" என்பாள். அது அவளுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைச் சபை தன் வசதியாக்கிக்கொள்ளலாமா என்பதே என் கேள்வி.

ஊழியர் கூடுகைகளில் தவறாமல் எடுத்துச் சொல்லப்படும் உவமை ஒன்று லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வயலிலிருந்து திரும்பும் வேலைக்காரன் எசமானுக்குப் பந்தி பரிமாறிவிட்டே தான் உண்பான். எல்லாவற்றையும் செய்து முடித்தபின்னும் கடமையைத்தான் செய்தேன் என்பான். இதைச் சொல்லி, நன்றியை எதிர்பார்க்காதே என்று ஊழியருக்குப் போதிக்கிறார்கள். போதனை சரியே. ஆனால் அந்த உவமையில் எசமானின் இருக்கை கடவுளுடையது. சேகரக் கமிட்டியும் போதகரும் மூப்பரும் வயலிலிருந்து வருகிற வேலைக்காரர் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைப் பார்த்து, உனக்கு நான் நன்றி சொல்லவேண்டியதில்லை என்று சொல்லும்படி அந்த உவமை எங்கும் இடங்கொடுக்கவில்லை.

வேதாகமத்தை முழுதுமாகப் படித்தால், ஊழியத்திற்கு எல்லை வகுப்பதில் அது எவ்வளவு கவனமாக இருக்கிறது என்பது தெரியும். ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு லேவியர் 25 வயதில் வரவேண்டும், 50 வயதில் பணியைவிட்டு ஓயவேண்டும் என்று எண்ணாகமம் எட்டாம் அதிகாரம் விதிக்கிறது. ஓய்ந்தவர்கள் தங்கள் சகோதரரோடு கூடக் காவல் காக்கலாம். பளுவான வேலை அவர்களுக்கு இல்லை. ஆக, ஓய்ந்தபின்னும் அவர்களுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. புதிதாக மணமுடித்தவனை ஓராண்டு எந்தப் பொதுவேலையும் சுமத்தாமல் வீட்டில் விடச் சொல்கிறது உபாகமம். காலைமுதல் மாலைவரை ஒற்றை ஆளாக வழக்குக் கேட்டுக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, நீயும் தளர்ந்துபோவாய், இந்த ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்ற பொருளில் கண்டித்து வேலையைப் பங்கிடச் சொன்னவர் அவருடைய மாமனார். இவ்வளவும் வாசிக்கிற சபை, ஒருவர் 22 ஆண்டுகள் ஒரே பொறுப்பைச் சுமப்பதை அர்ப்பணிப்பு என்று மேடையில் பாராட்டுகிறது. பல நேரங்களில் அது வேறு ஆளைத் தேடச் சோம்பியதன் விளைவு.

பயிற்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் வேதியர் பணியை முறையான திருப்பணியாக நிறுவி, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் ஓர் ஆணை வெளியிட்டார். அதில் வேதியரிடம் ஆழ்ந்த விசுவாசமும் மனமுதிர்ச்சியும் எதிர்பார்க்கப்படுகின்றன. கூடவே, வேதாகமம், இறையியல், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் அவருக்குத் தக்க பயிற்சி கிடைக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எதிர்பார்ப்பும் பொறுப்பும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எங்கள் தாளில் ஆயத்தக் கூடுகைக்கு வரவேண்டும் என்றிருக்கிறது. அங்கே யார் எதைக் கற்றுத்தருவார் என்பது இல்லை. ஒன்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பயிற்சி, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு முன் ஒரு நாள் சொல்லித்தரும் கையசைவுப் பாடல்கள் மட்டுமே.

இனி அந்தக் கடைசி இரண்டு நிபந்தனைகள். கேள்வியின்றி ஏற்பேன், வெளியே பேசமாட்டேன் என்பவற்றை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்கமாட்டார்கள். வம்புப் பேச்சைத் தடுக்க நினைத்திருப்பார்கள். ஆனால் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரின் முன் இருப்பவர்கள் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். அப்படியொரு நாள் வந்தால், கையொப்பமிட்ட இந்தத் தாள் ஓர் இளம் ஆசிரியையின் வாயைக் கட்டிவிடும். உலகின் பல திருச்சபைகள் இந்த மௌனத்திற்குக் கொடுத்த விலையை நாம் அறிவோம். அந்த விலையை முதலில் கொடுத்தவர்கள் பிள்ளைகள். எனவே பதினான்காவது நிபந்தனை நீக்கப்படவேண்டும். அதன் இடத்தில், பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனித்திருக்கலாகாது, எப்போதும் இருவர் உடனிருக்கவேண்டும் என்ற விதியை எழுதலாம். அதற்கு முதல் ஆளாக நான் கையொப்பமிடுவேன்.

நம் சபைகளில் நடக்கும் ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. கமிட்டித் தேர்தல் என்றால் வேட்பாளர் பட்டியல், அணி, வீடுவீடாக வாக்குச் சேகரிப்பு, சில இடங்களில் நீதிமன்றப் படியேற்றம் எல்லாம் உண்டு. ஆல்டருக்குப் பூ வைக்க இருவர் போட்டியிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நற்சாட்சி வேண்டும், கணக்கில் ஒழுங்கு வேண்டும் என்னும் நிபந்தனைத் தாள் பூ வைக்கிறவருக்குத்தான் முதலில் நீட்டப்படுகிறது. அதே தாளைக் கமிட்டி உறுப்பினர் அனைவரும் முதலில் கையொப்பமிட்டுச் சபையின் முன் வாசிக்கட்டும். பிறகு எங்களிடம் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரு கனம் இருக்கும்.

நான் அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதினேன். ஒவ்வொரு பொறுப்புக்கும் மூன்று ஆண்டுக் காலவரை, விரும்பினால் புதுப்பிக்கலாம். ஆண்டுக்கு ஒரு மாதம் ஓய்வு. பொறுப்பேற்குமுன் பயிற்சி. ஊழியர் கைக்காசைச் செலவழித்தால் கேட்காமலே திருப்பித் தருதல். ஒருவர் விலகும்போது போதகரோ மூப்பரோ வீட்டுக்குப் போய் அவரோடு ஜெபித்துப் பொறுப்பைப் பெற்றுக்கொள்ளுதல். முன்பக்கத்தில் கடைசி இரண்டு நிபந்தனைகளை அடித்துவிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாம் வாரம் எங்கள் இளம் ஐயர் என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, பின்பக்கத்தையும் கமிட்டியில வாசிச்சேன்" என்றார். பதின்மூன்றும் பதினான்கும் அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றனவாம். பணம் திருப்பித் தருவதில் பொருளாளருக்கு மனமில்லையாம். காலவரையையும், விலகுகிறவரை வீடு தேடிப்போய்ப் பார்ப்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஐயர் கமிட்டியில் அதை வாய்விட்டு வாசித்தாரே, அதற்காக அவருக்கு என் நன்றி.

பெரியம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தச் செய்தியைச் சொல்லியிருப்பேன். இதுக்கெல்லாமா சண்டை போடுவ என்று என்னைத்தான் கடிந்துகொண்டிருப்பாள்.