டிஜிட்டல் கேமரா மேல பழி போடாதீங்க!

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை டிஜிட்டல் கேமராதான் காலி பண்ணிச்சுன்னு கன்னிவாடி டீக்கடை வரைக்கும் ஜல்லியடிக்கிறாங்க. சுத்த உடான்ஸ்! 1960-ல் தொடங்கின அந்த அரசுக் கம்பெனியை 1996-லேயே நலிவுற்ற நிறுவனம்னு அறிவிச்சாச்சு. அப்ப நம்மூர்க் கல்யாணத்துல டிஜிட்டல் கேமராவை யாரு பார்த்தா?

1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செஞ்சதே கோடாக் கம்பெனிதான். ஃபிலிம் வியாபாரம் படுத்துடும்னு பயந்து அதை ஓரங்கட்டிச்சு. 2012-ல் திவால் மனு போட்டுச்சு. அதே மாதிரி ஃபிலிம் வித்த ஃபியூஜி, இன்னைக்கும் கேனான், சோனி, நிக்கானோட மல்லுக்கட்டுது.

ஆக, தொழில்நுட்பம் யாரையும் கொல்லலை மக்கா. இறக்குமதி வரியை நம்பியே பிழைச்ச கம்பெனி, வரி குறைஞ்சதும் போட்டியில தடுமாறிச்சு. முழிச்சுக்காதது நிர்வாகமும் அரசாங்கமும். வேலை போனது தொழிலாளிக்கு. பழி மட்டும் கேமராவுக்கா?