தறி நின்ற நாட்களுக்கு யார் கணக்கு?

கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. தறியில் நெய்பவர் உட்கார்ந்திருக்க, கரைக்கான நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ளிவிட இன்னொருவர் வேண்டும். காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான். கூலிக் கணக்கில் அவர் பெயர் இருக்காது.

பட்டு நெசவு இன்று ‘நெசவுச் சாதி’த் தெருக்களோடு நின்றுவிடவில்லை. சுற்றுக் கிராமங்களில் தலித் குடும்பங்களும் கூலிக்கு நெய்கிறார்கள். கள ஆய்வின்போது அப்படி ஒரு வீட்டில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோய். வாரத்துக்கு ஐந்து நாள் என ஐந்து வாரம் கதிர்வீச்சு. அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். அண்ணா பிறந்த ஊரில், காரப்பேட்டையில், அவர் பெயரிலேயே அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அக்கா வீட்டில் தறி நின்றுபோனது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடைபடவில்லை, மேலும் ஏறியது. பிளஸ் ஒன் படித்த மகள் சமைப்பதற்காக வீட்டில் நின்றாள்.

இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகவும் சுமார் 80,000 பேர் இறந்ததாகவும் உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. எச்.பி.வி. கிருமியால் நாட்டின் சுகாதாரத் துறைக்கு எவ்வளவு சுமை என்று கணக்கிடுபவர்கள் படுக்கை, கதிர்வீச்சு, காப்பீட்டுத் தொகை எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். சிலர் இழந்த கூலியையும் சேர்ப்பார்கள். கூலியே எழுதப்படாத அக்காவுக்கு அந்த இடத்தில் விழுவது பூஜ்யம். மகளின் படிப்புக்கும் அதே பூஜ்யம்தான்.

இத்தனைக்கும் இது தொற்றிலிருந்து புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுக்கும் நோய். பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தாலே முன்கூட்டிப் பிடிக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரே ஒரு சுற்று இப்படிச் சோதித்ததில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட்டில் வந்த நம் ஊர் ஆய்வு அது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9. அதோடு ஒப்பிட்டு நாம் மார்தட்டிக்கொள்ளலாம், வேறென்ன.

கேட்டால் ‘விழிப்புணர்வு இல்லை’ என்பார்கள். அக்காவிடம் கேட்டேன். “ஒரு நாள் போனா ரெண்டு ஆள் கூலி போச்சும்மா.” இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெள்ளைப்படுதல் என்று போன ஒரு கிளினிக்கில் “சுத்தமா இருக்க மாட்டீங்களா” என்று கேட்டார்களாம். அதன்பின் அவர் எங்கும் போகவில்லை. தீட்டு என்ற சொல்லை விட்டுவிட்டு சுத்தம் என்று பேசினால் அது மருத்துவமாகிவிடுமா? உடலுறவு வழியாகப் பரவும் கிருமி இது. கணவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தடுப்பூசி வருவது நல்லது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. அதை வரவேற்கும்போதே கம்மத்தை மறக்கக் கூடாது. 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் உட்படப் பலருக்கு இதே தடுப்பூசி சோதனைத் திட்டமாகப் போடப்பட்டது. ஆய்வுக்கு எடுத்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு பதிவு செய்தது. இறந்த சிறுமிகளின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஊசி மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஏழைப் பெற்றோரின் சம்மதத்தை வேறொருவர் எழுதிக்கொடுத்துவிடலாம் என்ற நினைப்புதான் பிரச்சினை. நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஊசி போடும் முன் அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசட்டும்.

சோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அரசு ஒரு நாள் கூலி தர வேண்டும். தறி வீடுகளில் இரண்டு பேர் கூலி. கேலியாகத் தோன்றலாம். முற்றிய பிறகு ஆகும் சிகிச்சைச் செலவோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அக்காவின் மகளுக்கு இப்போது பதினாறு வயது. பதினான்கு வயதுக்கான திட்டத்தில் அவள் வரமாட்டாள். “வெளியில போட்டா எவ்ளோம்மா ஆகும்?” என்று அக்கா கேட்டார். சில ஆயிரம் என்றேன். அடுத்த புடவை இறங்கட்டும், பார்க்கலாம் என்றார்.